நகுலேஸ்வரனின் மொம்பாசா

"படகு ஏறேக்கை பையை முதுகிலை போடக்கூடாது, பூசணி. முன்னுக்கு, நெஞ்சோடை அணைச்சுப் பிடிக்கவேணும். சரியான சனம்."

நகுலேஸ்வரன் கட்டிலில் மல்லாந்து படுத்து, கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பிட்ட மயக்கத்தில் பலேர்மோவின் ஒரேத்தோத் தெரு முழுக்க யன்னல்களைச் சாத்திவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது. பல்கனியில் காயப்போட்ட வெள்ளை விரிப்பு காற்றுக்கு ஊதி ஊதி அடங்க, அறைக்குள் வெளிச்சமும் கூடிக் குறைந்துகொண்டிருந்தது.

மனைவி நாகபூசணி பக்கத்தில் இருந்து கொப்பியில் எழுதினாள். தான் வேலை செய்யும் வீட்டு எசமானியம்மா, அந்தச் சிஞ்ஞோரா, முதன்முதலாகக் கென்யாவுக்கு, அதுவும் மொம்பாசாவுக்குப் போகிறாவாம், புத்திமதி கேட்கிறாவாம் என்று அவரிடம் சொல்லியிருந்தாள்.

அது முழுப் பொய். இருபத்தைந்தாவது கலியாண நாளுக்கென்று மகன் விதுரன் மிலானிலிருந்து அனுப்பிய இரண்டு விமானச் சீட்டுகள் அலுமாரிக்குள் அவளுடைய சேலைகளுக்கு அடியில் இருந்தன.

இத்தாலிக்கு வர முதல் நகுலேஸ்வரன் இரண்டு வருடம் மொம்பாசாவில் ஒரு கடையில் வேலை செய்தவராம். கலியாணம் பேசும்போதே அவளுடைய அப்பாவுக்குச் சொல்லப்பட்ட விஷயம் அது.

"இன்னும் சொல்லுங்கோ."

"ஆரிட்டை வழி கேக்கிறதெண்டாலும் முதல் சுகம் விசாரிக்கவேணும். எடுத்த எடுப்பிலை கேள்வி கேட்டால் மரியாதை தெரியாத ஆள் எண்டு நினைப்பினம். ஓட்டோவிலை ஏற முதலே காசைப் பேசிப்போட வேணும். பழைய ரவுணுக்கை தோளும் முழங்காலும் மூடி நடக்கச் சொல்லும். நுளம்பு வலை இல்லாமல் படுக்க வேண்டாம். ஈர உடுப்புச் சுத்த நாலைஞ்சு பிளாஸ்ரிக் பையும் கொண்டுபோகட்டும்."

"ஐயோ, உங்கடை கதை! பிளாஸ்ரிக் பை அங்கை தடையெல்லே. கொண்டுபோனால் பிடிப்பாங்களாம்."

"அப்பிடியே?" நகுலேஸ்வரன் ஒரு கண்ணைத் திறந்து மூடினார். "அந்த நேரம் உந்தச் சட்டமெல்லாம் இல்லை. அதை விடும். பின்னேரம் கட்டாயம் கடற்கரைக்குப் போகச் சொல்லும். மரவள்ளிக்கிழங்கைச் சீவிப் பொரிச்சு, தேசிக்காய்ப் புளியும் மிளகாய்த்தூளும் போட்டுக் கடதாசியிலை சுத்தித் தருவினம். கை சுடும். இளநியும் குடிக்கலாம். காத்து அப்பிடியே வந்து தடவும். கப்பல் எல்லாம் மெல்ல மெல்ல, தண்ணியிலையோ வானத்திலையோ போகுதெண்டு தெரியாது, பூசணி..."

இதோ, இந்தக் குரல்தான். இந்தக் குரலைக் கேட்டாலே நாகபூசணிக்குப் பற்றிக்கொண்டு வரும். பிள்ளை பிறந்தபோதும் இப்படிக் குழையாத மனிதர், கடலுக்கும் கிழங்குக்குமா இப்படி உருகுவார்? அங்கே ஒருத்தி இருந்திருக்கிறாள். சந்தேகமே இல்லை. கலியாணமான முதல் மாதத்திலேயே அவள் முடிவுகட்டிவிட்டாள்.

ஆனால் கேட்டதில்லை. பலேர்மோவில் தேர் பார்க்கும் இடத்திலும், கோப்பி குடிக்கும் இடத்திலும் எங்கள் ஈழத்துச் சனம் எதையும் விடுத்து விடுத்துக் கேட்கும். ஊரைவிட்டு இத்தாலிக்கு நீ வந்த பாதை எது என்று மட்டும் ஒருவரை ஒருவர் கேட்காது. அவளும் அந்த மரியாதையைக் காப்பாற்றி, உள்ளுக்குள் வெந்துகொண்டு கிடந்தாள்.

இந்தமுறை நேரே போய்க் கண்ணால் பார்த்துவிடுவது. கொப்பியை மூடினாள். அலுமாரியைத் திறந்து சீட்டுகளை எடுத்து அவர் நெஞ்சில் வைத்தாள்.

"சிஞ்ஞோராவும் இல்லை, ஒருத்தரும் இல்லை. நாங்கள்தான் போறம். வாற வெள்ளிக்கிழமை. விதுரன் எடுத்துத் தந்தவன்."

நகுலேஸ்வரன் துள்ளி எழுந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"நான் வரேல்லை. நீர் உம்மடை தங்கச்சி துஷாந்தியைக் கூட்டிக்கொண்டு போட்டு வாரும்."

"ஏன்?"

"எனக்கு லீவு இல்லை."

"உங்கடை முதலாளி வீட்டுக்காரர் முழுப்பேரும் ஓகஸ்ட் முழுக்கக் கடற்கரை வீட்டிலை. பூட்டின குசினியிலை ஆருக்குச் சமைக்கப் போறியள்?"

அவர் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஊதியது.

"அவளின்ரை பேர் என்ன?" என்றாள் நாகபூசணி.

"எவளின்ரை?"

"அங்கை விட்டிட்டு வந்தவளின்ரை. இருபத்தைஞ்சு வருசமாய் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திட்டன், இனி ஏலாது. பிள்ளையும் இருக்கோ? நீங்கள் சொல்லாட்டில் நான் தனியப் போய் ஒவ்வொரு கடையாய் ஏறி உங்கடை பேரைச் சொல்லி விசாரிப்பன்."

அழக்கூடாது என்று நினைத்திருந்தவள்தான். கண்ணீர் அவளைக் கேட்காமலே வழிந்தது.

"விசாரிச்சாலும் அங்கை ஒருத்தருக்கும் என்னைத் தெரியாது, பூசணி." நகுலேஸ்வரன் அவளுடைய கையைப் பிடித்தார். "நான் அந்த மண்ணிலை காலே வைக்கேல்லை."

"என்ன சொல்லுறியள்?"

"மொம்பாசாக்காரன் ஒருத்தன்ரை பாஸ்போட்டிலை என்ரை படத்தை ஒட்டித்தான் ஏஜென்சிக்காரன் என்னை அனுப்பினவன். எயார்போட்டிலை கேட்டால் சொல்லவேணும் எண்டு அந்த ஊரை முழுக்கப் பாடமாக்கத் தந்தவன். பாங்கொக்கிலை பிடிபட்டிட்டன். அந்த ரெண்டு வருசமும் நான் இருந்தது அங்கத்தை மறியலிலை, சிறைக் கம்பிக்குப் பின்னாலை. விசர் பிடியாமல் இருக்க, சுவரைப் பாத்துக்கொண்டு ஒவ்வொரு நாளும் அந்தக் கடற்கரையிலை நடந்தனான்." அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "மறியலிலை கிடந்தவன் எண்டு சொல்லியிருந்தால், அப்பா உம்மை எனக்குத் தந்திருப்பாரே?"