களிம்பு ஏறிய காசு

"இது ரோமாபுரிக் காசு இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க பாய், தூக்கி எறிஞ்சிட்டு எஞ் சோலியப் பாக்கேன்."

ஆனைக்குட்டத்திலும் நாரணாபுரத்திலும் கட்டட வேலை எடுத்திருந்த காண்ட்ராக்டர் சண்முகவேல் சிரித்தபடி நீட்டியதை லென்ஸில் பார்த்த அப்துல் ஹக்கீமுக்கு வயிறு பற்றி எரிந்தது. தேய்ந்துபோன செப்புக் காசுதான். ஆனாலும் பச்சைக் களிம்புக்குள் ஒரு ராஜா தலையும், பின்பக்கம் ஈட்டி பிடித்த இரண்டு வீரர்களும் மங்கலாகத் தெரிந்தார்கள். ரோமாபுரியேதான், சந்தேகமே இல்லை.

சிவகாசியில் யாருக்குப் பழங்காசு கிடைத்தாலும் எடை போட்டு, டிஜிட்டல் கேமராவில் படம் பிடித்து, நாணயச் சங்கத்துப் புத்தகத்தில் பதிகிறவர் ஹக்கீம். அதில் தன் பேரிலும் ஒரு காசு வந்துவிடாதா என்று அவர் ஏங்காத நாளில்லை. விலைக்கு வாங்கியதெல்லாம் அதில் சேராது. மண்ணிலிருந்து எடுத்ததாக இருக்க வேண்டும்.

இந்த மனுஷனுக்கோ ராஜா தலை எது, ராணி தலை எது என்றுகூடத் தெரியாது. போன வருஷம் சொந்த வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போது ஒன்று கிடைத்து, பேர் அச்சிலேயே வந்துவிட்டது. இப்போது இன்னொன்றா? இவருக்கு மட்டும் எங்கே தோண்டினாலும் கிடைத்துத் தொலைக்கிறதே.

"ஒண்ணும் புடிபடலையே அண்ணாச்சி" என்றார் ஹக்கீம். "வீட்ல புளியப் போட்டு, செப்புக் குடம் வெளக்குற மாதிரி பளபளன்னு தேச்சுக் கொண்டாங்க. பெறகு எழுதுவோம்."

களிம்போடு சேர்ந்து ராஜா தலையும் போய்விடும் என்பது ஹக்கீமுக்கு நன்றாகவே தெரியும்.

வாசல்வரை போன சண்முகவேல் திரும்பினார். "பாய், புத்தகத்துல எடுத்தவன் பேரு போடுவீகளா, எடத்துக்காரவுக பேரா?"

அந்தப் பெருமையும் இவருக்கு எதற்கு? "எடத்துக்காரர் பேருதான்" என்றார் ஹக்கீம், வெடுக்கென்று.

"அப்பச் சரி." சண்முகவேல் சந்தோஷமாகவே போனார்.

மறுநாள் காசு புதுத் தகடு போல மின்னியது. ராஜாவும் இல்லை, வீரர்களும் இல்லை.

"எங்க வீட்டம்மா கை நோகத் தேச்சா பாய்."

ஹக்கீமுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. உதட்டைப் பிதுக்கினார். "வெறுந் தகடால்ல இருக்கு அண்ணாச்சி. இத என்னன்னு பதிய? ஆமா, எங்கன எடுத்தீக? ஆனைக்குட்டத்துலயா?"

சண்முகவேலின் முகம் வாடிப்போயிற்று. "நீங்க ரோமாபுரின்னு சொன்ன பெறகு சொல்லுவோம்னு இருந்தேன் பாய். நாரணாபுரத்துல உங்க குடோனுக்கு அஸ்திவாரம் தோண்டயிலதான் கெடச்சது."