மாமாவின் பென் டிரைவ்

"பென் டிரைவ்ல இருக்கறதெல்லாம் அழிஞ்சிடும் மாமா. பரவாயில்லயா?"

"எல்லாம் பழைய பாட்டுதான். உன் அக்காவுக்காக அதையும் தியாகம் பண்றேன், ஞாபகம் வெச்சுக்க," என்றார் அக்காவின் கணவர்.

சாப்பாட்டு மேஜையில் இரண்டு லேப்டாப்கள். ஒன்று அக்காவுடையது, உள்ளே இருந்ததெல்லாம் போய் நேற்று செத்துப்போனது. இன்னொன்று மாமாவின் அலுவலக லேப்டாப். அதில்தான் தம்பி மீட்பு டிரைவ் தயாரிக்க உட்கார்ந்திருந்தான்.

செத்த கம்ப்யூட்டர் தானாக எழாது. வெளியிலிருந்து ஒன்றைச் செருகி எழுப்ப வேண்டும். எழுந்ததும் பேக்கப் எங்கே இருக்கிறது என்று கேட்கும். காட்டினால் போதும், பழையபடி ஆகிவிடும்.

கடையில் கொடுக்கலாம் என்று மாமா நேற்றே சொல்லியிருந்தார். அக்கா கேட்கவில்லை. என் தம்பி இருக்கும்போது கடை எதற்கு என்றிருக்கிறாள்.

தம்பி படிப்பைப் பாதியில் விட்டவன். இரவு ஷிஃப்டில் ஏதோ ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர்கள் நின்றுவிடாமல் காவல் இருப்பவன். சொந்தக்காரர்கள் அவன் பேச்சை எடுப்பதில்லை. அக்கா மட்டும் எடுப்பாள். அன்றும் ஷிஃப்ட் முடிந்து, தூங்காமல் நேராக வந்திருந்தான்.

அக்கா பேச்சுப் பயிற்சி கொடுப்பவள். பேச்சு வராத பிள்ளைகள் அவளிடம் வருவார்கள். முதல் நாளிலிருந்து ஒவ்வொரு பிள்ளையின் குரலையும் பதிவு செய்து வைப்பாள். பிள்ளை தேறத் தேற அந்தப் பழைய குரல் போய்விடும். திரும்பப் பேசிக் காட்டு என்றாலும் வராது.

எல்லாம் செத்த லேப்டாப்பில் இருந்தன. பேக்கப் நகல் இருந்தது ஒரே ஒரு கறுப்பு டிஸ்க்கில்.

முதல் வேலையாக அந்த டிஸ்க்கை மாமாவின் லேப்டாப்பில் செருகித் திறந்து காட்டினான். வரிசையாகப் பிள்ளைகளின் பெயர்கள். ஒன்றைத் தட்டினான். ஒரு குழந்தை "ப்... ப்பா" என்று முட்டி மோதியது.

"இருக்கு, போதும்டா," என்று அக்கா நாற்காலியில் சாய்ந்தாள்.

டிஸ்க்கை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்தில் பென் டிரைவைச் செருகினான்.

"டாக்டர், ஆபரேஷனுக்கு எவ்வளவு நேரமாகும்? நான் சட்டை மாத்திட்டு வந்துடவா?"

"நீங்க பட்டன் போடறதுக்குள்ள முடிஞ்சிடும் மாமா."

சொன்ன பிறகு வேகமாக முடித்தே ஆகவேண்டும் போலிருந்தது. எந்த டிரைவ் என்ற பெயரைப் போட்டு, எல்லாம் அழிக்கப்படும், தொடரலாமா என்று திரை கேட்டது. வேலையில் தினமும் பார்க்கிற கேள்வி. படிக்காமலே ஆம் என்று அழுத்தினான்.

முடிந்தது. இரண்டையும் உருவிச் செத்த லேப்டாப்பில் செருகினான். திரையில் வெளிச்சம் வந்தது.

"பாத்தீங்களா?" என்றாள் அக்கா, மாமாவிடம்.

மாமா ஒரு கையைச் சட்டைக்குள் விட்டபடியே வந்து நின்றார். "எழுந்து உக்காந்துடுச்சே."

பேக்கப்பைத் தேடச் சொன்னான். தேடிவிட்டு, எதுவும் இல்லை என்றது.

மறுபடி தேடச் சொன்னான். இல்லை.

இரண்டையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தான். பார்த்த வேகத்தில் மூடினான். காது இரண்டும் சுட்டன.

"என்னடா?"

"டிஸ்க்ல ஒண்ணும் காட்டலக்கா."

அக்கா டிஸ்க்கைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு தணிந்த குரலில் சொன்னாள்: "போன வாரம் அலமாரியத் தொடைக்கும்போது கீழ போட்டுட்டேன்டா. நீ திட்டுவியேன்னு சொல்லல."

பதில் சொல்ல அவனுக்கு நேரம் இருந்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

"விழுந்த டிஸ்க் அப்படித்தான்க்கா," என்றான், மேஜையைப் பார்த்துக்கொண்டு. "கொஞ்ச நாள் நல்லா ஓடும். திடீர்னு போயிடும்."

சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

"கடையில காட்டிப் பாக்கலாமா மாப்ள? அழிஞ்சதக்கூட எடுக்கறாங்கன்னு சொல்றாங்களே."

"பிரயோஜனமில்ல மாமா. வீண் செலவு."

இது பொய்.

"நீ என்ன பண்ணுவ, பாவம்," என்றாள் அக்கா. "தூங்காம வேற வந்திருக்க." அவன் முன்னால் தட்டை வைத்தாள். அவன் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். குனிந்து சாப்பிட்டான். நன்றாகப் பசித்தது, அதுவே அசிங்கமாக இருந்தது.

அக்கா போனை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள். யாரோ ஒரு பிள்ளையின் அம்மா.

"ஆமாம்மா, பையனோட பழசு எதுவும் இல்ல. இல்லம்மா, வேற யாரும் தொடல. என் கைதான் தவறிடுச்சு."

அவன் கை கழுவிவிட்டு வந்து, பென் டிரைவை உருவித் தன் பைக்குள் போடப் போனான்.

"அது நம்ம வீட்டுச் சொத்து மாப்ள," என்று மாமா சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். "உள்ள என்னத்த வெச்சிருக்கன்னு பாப்போம்." அவன் கையை நீட்டுவதற்குள் அலமாரி மேலிருந்த ஸ்பீக்கரில் செருகிவிட்டார்.

பாட்டு வந்தது. மாமா பொத்தானை அமுக்கினார். அடுத்த பாட்டு வந்தது. அதற்கடுத்ததும் வந்தது.

"கெட்டிக்காரன்தான்யா நீ. எல்லாம் அழிஞ்சிடும்னு என்னமா பயமுறுத்தின? ஒரு பாட்டுகூடப் போகலயே."

அக்கா போனைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினாள். கோபம் இல்லை. தெரியாததைக் கேட்கிற குரலில்தான் கேட்டாள்.

"அப்ப அழிஞ்சது எதுடா?"