கராஜுக்குள் சித்திரை

கனடாவின் மாசிக் குளிரில், வீட்டுக் கராஜுக்குள் அப்பா யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலைப் படம்பிடித்துக்கொண்டிருந்தார். பேக்கரி வேலைக்கிடையில் அவர் எடுக்கும் மூன்றாவது படம். முதல் இரண்டையும் ஒருவரும் வாங்கவில்லை. பேசும்போது மூச்சு புகையாகத் தெரிந்தால் வெயில் பொய்யாகிவிடும். அதனால் வாய்ச் சூடு தணிய, ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன் நடிப்பவர்கள் வாயில் ஐஸ்கட்டியைக் கரைப்பார்கள். தாயாக நடித்த தவமலர் அன்ரி மெல்லிய சேலையில் நடுங்கியபடி சிரித்தார். "ஊரில வெக்கைக்கு ஐஸ் திண்டம். இஞ்ச வெக்கை வாறதுக்குத் தின்னவேண்டிக் கிடக்கு." காட்சிப்படி, ஆமிக்காரர் பிடித்துக்கொண்டுபோகும் மகனின் பெயரைச் சொல்லி அவர் கத்த வேண்டும். அன்ரியின் மகனையும் அப்படித்தான் கொண்டுபோனார்கள். அப்பா அவரை நடிக்கக் கேட்டதே அதனால்தான். விறைத்த நாக்கில் கதையிலிருந்த பெயர் வரவில்லை. ஐஸைத் துப்பிவிட்டு, "நிமலன்!" என்று தன் மகனைக் கூப்பிட்டார். மூச்சு வெள்ளைப் புகையாக எழுந்து லைட்டை மறைத்தது. நான் பிடித்திருந்த மைக்கைக் கீழே இறக்கினேன். அப்பா மொனிட்டரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அருமை அக்கா. ஆனா புகை தெரியுது. இன்னொருக்கா."

"நீங்கள் மனுசனா அப்பா?" என்று கத்தினேன்.

அன்ரி ஐஸ் பெட்டிக்குள் கையை விட்டார். "சும்மா இரு பிள்ளை. இன்னொருக்காக் கூப்பிட்டுப் பாக்கிறன்."