கழுத்தில் ஒரு துணிப்பட்டை

மெர்டேக்கா சுதந்திர நாளுக்குக் கட்டிய காகிதக் கொடிகள் ஈரத்தில் தொங்கும் காஜா பேராங் குடியிருப்பில் பொழுது விடிகிறது. ருக்மணியின் சேவல் இன்னும் கூவவில்லை. "இன்னொரு நாளு கூவுச்சு, அறுத்துப்புடுவேன்" என்று பக்கத்து வீட்டு சேதுபதி மிரட்டியதால், நேற்று மாலை அதன் கழுத்தில் அவள்தான் சத்தம் எழாமலிருக்கத் துணிப்பட்டை கட்டினாள். இப்போது கவிழ்த்த கூடையைத் தூக்கிப் பார்க்கிறாள். சேவல் அலகு திறந்தபடி சாய்ந்து கிடக்கிறது. முடிச்சு இறுகிப்போயிருக்கிறது. பல்லால் கடித்து இழுக்கிறாள், வாயெல்லாம் இறகு. பட்டை அறுந்து வருகிறது. தகரக் கூரையிலிருந்து நீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்கிறது. மெல்ல அதன் மார்பு ஏறி இறங்குகிறது. அவள் அதன் அலகைப் பொத்துவதற்குள் சேவல் கரகரத்துக் கூவிவிடுகிறது. அடுத்த வீட்டுக் கதவு திறக்கிறது. சேவலை மார்போடு இறுக்கிக்கொள்கிறாள். வேலியோரம் கண் சிவந்து நிற்கிறார் சேதுபதி. "நாலு மணிக்கே முழிச்சிட்டேன் தங்கச்சி. சத்தத்தையே காணோம். செத்துப்போச்சோன்னு பயந்துட்டேன்."