கணினியின் வாக்குமூலம்

உலகத்தில் பொய்யே சொல்லாத ஜீவன் ஒன்று உண்டென்றால், அது தூங்கி எழுகிற கணினிதான்.

ஃபிஜி நாட்டின் சுவா துறைமுகத்தில், தீவுகளுக்குக் கப்பல் விடும் கம்பெனியின் கணினிப் பிரிவுத் தலைவர் அபெனிசா இதைச் சொல்லி முடிக்கவும், வெளியே டிக்கெட் கவுண்டரில் யாரோ அவருடைய தாயாரை இழுத்துத் திட்டவும் சரியாக இருந்தது.

அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. திரையைத் தன் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் போல வரி வரியாக வாசித்தார்.

கணினி கண்விழித்ததும் தன் உடம்பைத் தானே தடவிப் பார்க்கும். நினைவகம் இருக்கிறது. விசைப்பலகை இருக்கிறது. முதல் டிஸ்க் இருக்கிறது. தட்டுப்பட்ட ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி.

இரண்டாவது டிஸ்க்குக்கு வரி இல்லை.

"புது மெஷின்ல நேத்து நீதானே மாட்டின? அப்ப எங்க போச்சு? நவுசோரில உன் தம்பி கடையில இருக்கா?"

வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்த, அவர் பிரிவில் வேலை பார்க்கும் லிதியாவின் முகம் சிவந்தது. தம்பி கணினி பழுது பார்க்கிறவன். அதனால் அக்கா திருடி.

"மாட்டினேன் பாஸ். எழுப்பியும் பாத்தேன், வரி வந்துச்சு. மூடியக் கழட்டுங்க, உங்க கண்ணாலயே பாருங்க."

"மூடி கழட்டுறதெல்லாம் மெக்கானிக் வேலை. நான் படிச்சவன்."

"அப்ப தள்ளுங்க, நான் கழட்டுறேன்."

"கை வைக்காத! தடயம் அழிஞ்சிரும்."

கணினியை மறுபடி எழுப்பச் சொல்லி விசையைத் தட்டினார். திரை இருண்டது. வெளியே பெருங்கூச்சல் கிளம்பியது.

கவுண்டரிலிருந்து விம்லேஷ் ஓடி வந்தான். "திரும்பவும் நின்னு போச்சு பாஸ்! கப்பல் சங்கு ஊதியாச்சு. கோரோ தீவு ஆளுங்க சேப்பங்கிழங்கு மூட்டையத் தூக்கி என் தலையில போடப் பாக்குறாங்க!"

"பாத்தியா?" அபெனிசாவின் விரல் லிதியாவை நோக்கி நீண்டது. "நீ பண்ணின காரியத்துக்கு ஊரே நடுத்தெருவுல நிக்குது. போலீஸக் கூப்பிடட்டா, இல்ல நீயே போயிடறியா?"

லிதியா கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றி அவர் மேசையில் வீசினாள்.

"மெஷின் பேச்சக் கேட்டே கம்பெனிய நடத்துங்க பாஸ். கப்பல் மூழ்கினாலும் அதுவே ஒரு வரி போடும்."

கூட்டத்தை முழங்கையால் இடித்துக்கொண்டு போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அபெனிசாவுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. இன்னொரு தடவை எழுப்பினார். வெளியே கண்ணாடி உடைகிற சத்தம் கேட்டது. இரண்டாவது டிஸ்க்குக்கு இப்போதும் வரி இல்லை.

காலையில் புதுக் கணினியின் பக்கத்தில் சேர்மன் நின்று படம் எடுத்துக்கொண்டபோது, அதன் முகத்தில் தொங்கிய திரை வயரும் விசைப்பலகை வயரும் பார்க்க அசிங்கமாக இருந்தன. அபெனிசாதான் இரண்டையும் பிடுங்கி, கீழ்த்தட்டில் இருந்த பழைய கணினியில் சொருகினார்.

கவுண்டருக்கு டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தது அந்தப் பழைய கணினி.