ஆதிரை என்ற ஃபோல்டர்

ஆதிரை என்ற ஃபோல்டரை அழித்துவிடலாம் என்று முதலில் சொன்னது தயாபரன்தான். ஐந்தாம் மாதத்திலேயே போய்விட்ட குழந்தைக்கு அவன் பார்த்து வைத்திருந்த பெயர் அது. ஸ்கேன் படங்களையெல்லாம் எடுத்துவிட்டதாகவும், உள்ளே ஒன்றுமில்லை என்றும் மனைவி சுகிர்தாவிடம் சொல்லிவிட்டுத் தோசை வார்க்கப் போய்விட்டான்.

மௌஸால் இழுத்துக் குப்பைத்தொட்டியில் போட அவளுக்குக் கை வரவில்லை. அலுவலகத்தில் செய்வதுபோல் பைத்தான் நிரல்மொழியில் ஒரு வரி எழுதினாள். உள்ளே இருப்பதையும் சேர்த்து அழிக்கும் கட்டளை ஒன்று உண்டு. அவள் எழுதியது மற்றொன்று. காலியாக இருந்தால் மட்டுமே அது அழிக்கும்.

அது மறுத்துவிட்டது. ஃபோல்டர் காலியாக இல்லை என்றது.

திறந்து பார்த்தாள். வெறுமையாகத்தான் இருந்தது. மறைத்து வைத்ததையும் காட்டச் சொல்லி இன்னொரு வரி எழுதினாள். பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்து, கண்ணில் படாதபடி ஒரே ஒரு கோப்பு இருந்தது. அதில் கடைசியாக எழுதப்பட்டது நேற்று மாலை என்று பக்கத்தில் இருந்த தேதி காட்டியது. இரண்டு வருடமாக, "அதையே நெனச்சிட்டு இருக்காத சுகி" என்று அவளிடம் சொல்லி வந்தவன்தான் எழுதியிருக்கிறான்.

"முறுகலா வேணுமா? ஆமா, அது போயிடுச்சா?" சமையலறையிலிருந்து கேட்டான்.

"மாட்டேங்குது தயா. உள்ள ஏதோ இருக்காம்."

அவள் கோப்பைத் திறக்கவில்லை. தான் எழுதிய வரியை ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள். கல்லில் தோசை தீயும் வாசனை வந்தது. அதை யாரும் திருப்பிப் போடவில்லை.