சாகாமத்துக்குக் கொண்டுபோகும் சாமான்கள்

ஸப்ரி முற்றத்தில் சாக்கை விரித்து, பைக்கின் சாமான்களை ஒவ்வொன்றாக அதன்மேல் எடுத்து வைத்தான்.

மேலதிகமாக ஒரு பிளக், கிளச் கேபிள். டியூப் இரண்டு, முன்னுக்கொன்று பின்னுக்கொன்று. பஞ்சர் ஒட்டும் பெட்டி, கைப்பம்ப், குறடு, துணியில் சுற்றிய ஸ்பேனர் கட்டு. கொஞ்சம் கட்டுக்கம்பியும் இருக்கட்டும், எதற்காவது உதவும்.

அக்கரைப்பற்று வரைக்கும்தான் கடை கண்ணி. அதைத் தாண்டிச் சாகாமம் பக்கம் திரும்பினால் காற்றடிக்கக்கூட ஆளில்லை. பொழுது சாய்ந்தால் யானை வேறு இறங்கும். அந்த ரோட்டில் கேபிள் அறுந்து நிற்பவனுக்கு அல்லாஹ்தான் துணை.

இதையெல்லாம் ஸப்ரிக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. கூட்டாளிமாரோடு பொத்துவில், எல்ல, நுவரெலியா என்று அவன் சுற்றாத இடமில்லை. யாருடைய பைக் எங்கே படுத்தாலும் அவனுடைய பையைத்தான் தேடுவார்கள்.

ஒருமுறை மஹியங்கனை ரோட்டில் முன்பின் தெரியாத ஒருவனுக்கு டியூப் மாற்றிக் கொடுத்துவிட்டு, அவன் வாங்கித் தந்த இளநீரைப் பற்றி ஒரு கிழமையாக வீட்டில் அளந்துகொண்டிருந்தான். மனைவி சிபானா கேட்டபடியே மீன் கழுவினாள். அடுப்படி பல்ப் எரிந்துபோய் அப்போது மூன்று மாதம்.

மகள் நுஸ்ஹாவுக்குக் காய்ச்சல் கூடி, கைகால் இழுத்த அன்று அவன் எல்லவில் யாரோ ஒருவனின் செயினைப் பூட்டிக்கொண்டிருந்தான். சிபானா எடுத்த போன் கோல்கள் பையின் அடியில் அடித்து அடித்து ஓய்ந்தன. பிள்ளை பிழைத்தது. சிபானாவின் மனம்தான் விட்டுப்போனது.

அன்றிலிருந்து ஒரு மாதம் அவள் அவனோடு கதைக்கவில்லை. சோறு வரும், தேத்தண்ணி வரும், கதை வராது.

நேற்று அவளுடைய காக்கா, கூடப்பிறந்த அண்ணன் ஜவுபர் வந்து, கொஞ்ச நாளைக்குத் தள்ளி இருக்கும்படி சொன்னார். சத்தம் போடாமல், மரியாதையாகத்தான் சொன்னார். சத்தம் போட்டிருந்தால் ஸப்ரியும் இரண்டு வார்த்தை திருப்பிச் சொல்லியிருப்பான்.

தள்ளிப் போகவேண்டியவன் அவன்தான். வீடு சிபானாவுடையது, கலியாணத்துக்கு அவள் வாப்பா கட்டிக்கொடுத்தது. இந்தப் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வந்து இருப்பான். ஸப்ரி பிறந்த வீட்டையோ தங்கச்சிக்கு எழுதியாயிற்று. அங்கே இப்போது இன்னொரு மாப்பிள்ளை. அவனுக்கு மிஞ்சியது சாகாமத்து வயலில் காவலுக்குப் போட்ட ஒரு வாடிக் குடிசையும் இந்த பைக்கும்தான்.

உடுப்புப் பையைக் கரியரில் கட்டியாயிற்று. ஏழு வருஷம் இருந்த வீட்டிலிருந்து தனக்கென்று எடுக்க அதற்குமேல் ஒன்றும் இல்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

கொஞ்ச நாள் என்றுதானே சொன்னார் என்று மனசைத் தேற்றிக்கொண்டான். சிபானா ஒரே ஒரு வார்த்தை, இருங்கள் என்று சொன்னால் போதும். அதற்காகவே விடிந்ததிலிருந்து சாமான்களை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தான். ஐந்து நிமிட வேலை அது.

சிபானா வாசலில் வந்து நின்றாள்.

அவன் நிமிரவில்லை. கேபிளைச் சுற்றி, அவிழ்த்து, மறுபடியும் சுற்றினான்.

"பன்னண்டாம் நம்பர் ஸ்பேனர் எடுத்தீங்களா?" என்று கேட்டாள்.

ஸப்ரி நிமிர்ந்து பார்த்தான். இந்தப் பையைச் சக்களத்தியைப் பார்ப்பதுபோலப் பார்த்தவள் அவள். அவளுக்கு ஸ்பேனரின் நம்பர் தெரிந்திருக்கிறது. வழியில் அவன் தவித்துப்போகக் கூடாது என்று யோசித்திருக்கிறாள். வெறுத்துப்போன மனுசி ஸ்பேனரைப் பற்றி விசாரிப்பாளா?

ஓம் என்று தலையாட்டினான். கட்டை அவிழ்த்து, அந்த ஸ்பேனரைத் தனியே எடுத்துக் காட்டினான். சந்தோசத்தில் சிரிப்பும் வந்துவிட்டது.

கேற்றடியில் ஜவுபரின் பைக் வந்து நின்றது. அவர் இறங்கவில்லை, என்ஜினையும் நிறுத்தவில்லை. நுஸ்ஹாவின் பாலர் பாடசாலை விடும் நேரம்.

சிபானா ஸப்ரியின் பைக்கைக் காட்டினாள். பெட்ரோல் டாங்கியை ஒட்டி, நுஸ்ஹா உட்காருவதற்காக அவன் பூட்டியிருந்த சின்ன சீட் அதில் இருந்தது.

"அதக் கழட்டித் தந்திட்டுப் போங்க. இனிப் புள்ளயக் காக்காதான் ஏத்திப் போவாரு."

அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்தால் என்றைக்காவது ஆறும் என்று அவன் நம்பியிருப்பான்.

சீட்டின் நட்டுகள் நான்கும் பன்னிரண்டாம் நம்பர். மழையில் துருப்பிடித்துவிடாமல் கிறீஸ் பூசிப் பூசி வைத்தவன் அவனேதான். ஒன்றுகூட அடம்பிடிக்காமல் கழன்று கையில் விழுந்தன.

சீட்டைத் தூக்கிக்கொண்டு கேற்றடிக்குப் போனான். ஜவுபர் இறங்கி வந்து வாங்கினார். எந்தப் பக்கம் முன்னுக்கு வரும் என்று அவருக்குத் தெரியவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்து முழித்தார். ஸப்ரி அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு, என்ஜினை நிறுத்தச் சொன்னான்.

முட்டுக்காலிட்டு, ஜவுபரின் பைக்கில் சீட்டை வைத்து நட்டுகளைக் கையால் முடுக்கினான். பிறகு ஸ்பேனரைப் போட்டு இறுக்கினான். கண் மறைத்தது, தோளில் துடைத்துக்கொண்டான்.

சீட்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தான். அசையவில்லை.

மனம் ஒப்பவில்லை. வளைவு வந்தால் நுஸ்ஹா ஒரு பக்கமாகச் சாய்ந்துகொள்வாள். அது ஜவுபருக்குத் தெரியாது.

இன்னொரு முறை இறுக்கினான்.